மீன்குஞ்சுக்கும் மடை கேட்ட மருத்துவர்

முறை முடிந்து வாய்க்காலின் ஷட்டரை இறக்கிய மறுநாள் காலையில் கரையோரம் நடந்து பாருங்கள். தண்ணீர் வடிந்த தரையில் அங்கங்கே பள்ளங்கள் இருக்கும். கணுக்கால் அளவு தண்ணீரில் விரல் நகத்தைவிடச் சிறிய குஞ்சுகள் குமைந்து கிடக்கும். கொக்குகள் வரிசையாக வந்து நிற்கும். பிள்ளைகள் துண்டை விரித்து அள்ளுவார்கள். மதியத்துக்குள் பள்ளம் சுண்டிவிடும். காலங்காலமாகப் பார்த்துப் பழகியதால் இதை யாரும் ஓர் இழப்பாக எழுதி வைப்பதில்லை.

அதை எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. டாக்டர் பிரான்சிஸ் டே. ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன், சென்னை மாகாணத்து அணைகளும் வாய்க்கால்களும் வயல் மடைகளும் ஆற்று மீன்களை என்ன செய்கின்றன என்று ஊர் ஊராக விசாரித்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். மீன்வளம் படித்தவர்களுக்கு அவர் பெயர் நன்றாகத் தெரியும். நம் மீன்களின் அறிவியல் பெயர்களுக்குப் பின்னால் டே என்று ஒட்டிக்கொண்டிருப்பது அவர்தான். அவருடைய பெரிய நூலைப் புரட்டாமல் இன்றைக்கும் இந்திய மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய முடியாது. ஆனால் உழவரோடு அவருக்கு இருந்த தொடர்பு அந்த நூலில் இல்லை. வெகுவாகப் பேசப்படாத அந்த அறிக்கையில் இருக்கிறது.

பட்டாளத்து வைத்தியர்

டே 1829 மார்ச் 2 அன்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில், மேர்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் பிறந்தார். நிலபுலம் உள்ள குடும்பம். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு, 1852-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். வந்த வேகத்தில் பர்மாப் போருக்குப் போனார். பிறகு பட்டாளம் போன இடமெல்லாம் போனார். அந்தக் காலத்து ராணுவ மருத்துவர்களில் பலருக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. சிலர் செடி சேர்த்தார்கள், சிலர் பறவை. டே மீனைப் பிடித்துக்கொண்டார்.

கொச்சியில் மருத்துவராக இருந்த ஆண்டுகள்தான் அவரை உருவாக்கின. காயல், கடல், மலையாறு மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊர் அது. கொச்சியின் வரலாற்றை ஒரு நூலாக எழுதி 1863-இல் வெளியிட்டார். அடுத்த இரண்டே ஆண்டில் மலபார் மீன்களைப் பற்றிய நூல் வந்தது. இன்றைக்கு வண்ணமீன் கடைகளில் மிஸ் கேரளா என்ற பெயரில் நல்ல விலைக்குப் போகும் சிவப்புக் கோடு போட்ட கெண்டையை 1865-இல் முதலில் விவரித்துப் பெயர் வைத்தவரும் அவரே. அப்போது சென்னை கவர்னராக இருந்த டெனிசனின் பெயரை அதற்குச் சூட்டினார்.

நீலகிரியிலும் ஒரு முயற்சி செய்தார். 1860-களில் இங்கிலாந்திலிருந்து டிரௌட் மீனைக் கொண்டுவந்து மலை ஓடைகளில் விடப் பார்த்தார். பலிக்கவில்லை. மற்றவர்கள் பின்னாளில் செய்து முடித்தார்கள். தோற்ற கதை என்றாலும் இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. மீனின் முட்டையும் குஞ்சும் எவ்வளவு சின்னத் தவறுக்குச் செத்துப்போகும் என்பதை அறிந்த ஆள்தான் பிறகு வாய்க்கால்களைப் பார்க்கப் போனார்.

அணை கட்டியவரே எழுப்பிய ஐயம்

கொள்ளிடத்தில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் 1836-இல் எழுந்தன. கோதாவரியில் தவளேஸ்வரம் அணை 1852-இல் முடிந்தது. மூன்றுக்கும் காரணகர்த்தா சர் ஆர்தர் காட்டன். டெல்டா உழவர்கள் அவரை இன்றும் மறக்கவில்லை. கோதாவரிக் கரையில் ஊருக்கு ஊர் சிலை வைத்திருக்கிறார்கள். அது தகும்.

அதே காட்டன்தான், ஓய்வு பெற்று இங்கிலாந்து போன பிறகு, 1867-இல் ஓர் ஐயத்தை எழுப்பினார். ஆற்றுக்குக் குறுக்கே எழுந்த அணைகள் முகத்துவாரத்து மீன்பிடிப்பையும் கரைக்கடல் மீன்பிடிப்பையும் கெடுத்திருக்குமோ என்பது அவர் கேள்வி. கட்டியவரே கேட்டதால் அரசால் தட்ட முடியவில்லை. விசாரிக்க ஆள் தேடியபோது டே கிடைத்தார்.

முதலில் சென்னை மாகாணம். அப்புறம் ஒரிசா, வங்காளம், பர்மா, பஞ்சாப், சிந்து என்று வேலை நீண்டுகொண்டே போனது. 1871-இல் இந்திய மீன்வளத்துக்குத் தலைமை ஆய்வாளர் என்ற பதவியை அரசு அவருக்குக் கொடுத்தது. ஆறுகளைத் தானே போய்ப் பார்த்தார். போக முடியாத இடங்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். தாலுகா தாலுகாவாகத் தாசில்தார்கள் பதில் எழுதினார்கள். மழைக்காலத்தில் குஞ்சு பிடிக்கிறார்களா, வலைக் கண்ணி எவ்வளவு, வயல் மடையில் பறி வைக்கிறார்களா, தண்ணீரில் நஞ்சு கலக்கிறார்களா, சந்தைக்கு மீன் போதுகிறதா, முன்னைவிடக் குறைந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டிருந்தார். எல்லாம் சேர்ந்து 1873-இல் இந்தியா, பர்மா நன்னீர் மீன்வள அறிக்கையாக அச்சேறியது. ஒரு நூறு ஆண்டுக்குப் பின் நம் மீன்வளத் துறைகள் கேட்ட கேள்விகள் பலவும் அதில் இருக்கின்றன.

தாய் ஏறும் வழி, குஞ்சு இறங்கும் வழி

அணையால் மீனுக்கு என்ன கேடு என்று கேட்டால் உடனே மனதில் வருவது உல்லம் மீன். வங்காளத்தில் ஹில்சா, கோதாவரியில் புலச. கடலில் வளர்ந்து, வெள்ளக் காலத்தில் ஆற்றில் ஏறி, நன்னீரில் முட்டையிடும் மீன் அது. கொள்ளிடத்தில் ஆடி, ஆவணி வெள்ளத்தோடு ஏறும். அணை குறுக்கே நின்றால் அதன் அடியில் முட்டி மோதிக்கொண்டு கூட்டமாக நிற்கும். வலைக்காரர்களுக்கு அது கொண்டாட்டம். முட்டை வயிற்றோடு அள்ளிவிடுவார்கள். ஒரு தாய் உல்லத்தின் வயிற்றில் 10 லட்சத்துக்கும் மேல் முட்டை இருப்பதை டே எண்ணிக் கணக்கிட்டிருந்தார். ஆகவே அணையடியில் பிடிபட்ட ஒவ்வொரு மீனும் அவருக்கு ஒரு மீனாகத் தெரியவில்லை.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும் நட்டம். டே இத்தோடு நின்றிருந்தால் அவர் அறிக்கை உல்லம் பற்றிய அறிக்கையாக முடிந்திருக்கும். அவர் கீழ்நோக்கி வருவதையும் பார்த்தார்.

ஆற்று மீன்களில் பலவற்றின் குஞ்சுகள் பிறந்ததும் நீந்துவதில்லை. மிதக்கின்றன. மீன்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். கெண்டை முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். அடுத்த மூன்று நாள் குஞ்சு தன் வயிற்றோடு ஒட்டிய கருவுணவைத் தின்றே பிழைக்கும். குஞ்சு பொரிப்பகத்தில் வட்டத் தொட்டி கட்டித் தண்ணீரைச் சுழலவிடுகிறோமே, அது எதற்கு? ஓட்டம் நின்றால் முட்டையும் குஞ்சும் அடியில் படிந்து மூச்சு முட்டிச் சாகும் என்பதால்தான். ஆற்றில் அந்தச் சுழலை வெள்ளம் செய்கிறது. வெள்ளம் தூக்கிக்கொண்டு போகும் வழியில் குஞ்சு வளர்ந்து, வாய் திறந்து, ஓரத்துச் சதுப்பிலும் தாழ்நிலத்திலும் முகத்துவாரத்திலும் இரை தேடக் கற்கிறது.

இப்போது நடுவில் அணையை வையுங்கள். அணைக்கு மேலே தண்ணீர் தேங்கி ஓட்டம் மந்தமாகிறது. மிதந்து வந்தவற்றில் ஒரு பகுதி அங்கேயே வண்டலில் படிகிறது. மீதி, தண்ணீர் போகும் பக்கம் போகிறது. மிதக்கிற பொருளுக்குத் தேர்வு ஏது? ஆற்றின் பாதித் தண்ணீர் தலைமதகு வழியாக வாய்க்காலுக்குத் திரும்பினால், குஞ்சிலும் ஏறத்தாழ அந்தப் பங்கு திரும்பிவிடும். பெரிய வாய்க்கால், கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று இறங்கி வயலுக்கே வந்துவிடும். தண்ணீர் நிற்கிற வரை கவலையில்லை. நெல் வயல் மீன்குஞ்சுக்கு நல்ல நாற்றங்கால். புழுவும் பூச்சியும் கிடைக்கும். கொசுப் புழுவைத் தின்று நமக்கும் உதவும். சிக்கல் திரும்பிப் போகும்போது வருகிறது.

டே கண்ட காட்சி இது: மழைக்காலத்தில் ஆற்று மீன்கள் வெள்ளத்தோடு வயல்களில் ஏறிக் குஞ்சு பொரிக்கின்றன. தண்ணீர் வடியத் தொடங்கும்போது குஞ்சுகள் ஆற்றை நோக்கி இறங்குகின்றன. இறங்கும் ஒவ்வொரு வடிமடையிலும் ஒரு பறி உட்கார்ந்திருக்கிறது. ஈர்க்குக்கும் ஈர்க்குக்கும் இடையில் எறும்பு நுழையுமோ நுழையாதோ, அத்தனை நெருக்கமான பறி. மிஞ்சித் தப்பி வாய்க்காலுக்கு வந்தால், பராமரிப்புக்காக வாய்க்காலையே அடைத்து வற்றவைக்கிறார்கள். உழவர் ஒரு பக்கம், பொதுப்பணி அதிகாரி ஒரு பக்கம், இருவருமே தீங்கு நினைக்காமல் ஒரே குஞ்சைக் கொல்கிறார்கள்.

அணைகளை இடிக்கச் சொன்னாரா? இல்லை. பஞ்சக் காலத்தில் அணைத் தண்ணீர் என்ன செய்யும் என்பதை அவர் அறிந்தவர். அணைகளில் மீன்வழி விட வேண்டும், வலைக் கண்ணிக்குக் குறைந்தபட்ச அளவு வேண்டும், ஓடைகளிலும் வயல் மடைகளிலும் நிலையாகப் பறி வைப்பதைத் தடுக்க வேண்டும், நஞ்சிட்டு மீன் பிடிப்பதை நிறுத்த வேண்டும் என்று கேட்டார். மதகுக்கு அடியில் சீறிப் பாயும் குறுகலான தண்ணீரைக் காட்டி இதுவே மீன்வழி என்று சொல்வதை அவர் ஏற்கவில்லை.

யாருக்கும் பிடிக்காத அறிக்கை

அறிக்கை வந்ததும் ஒன்றும் நடக்கவில்லை. மீன் வற்றாத செல்வம், அதற்குச் சட்டம் எதற்கு என்றார்கள் சில அதிகாரிகள். ஏழைகள் கைக்கு எட்டியதைப் பிடித்துத் தின்கிறார்கள், அதில் அரசு கை வைத்தால் கெட்ட பெயர் என்றார்கள் வேறு சிலர். பாசன அதிகாரிகளுக்கு வரும்படி தண்ணீர்த் தீர்வையில் இருந்தது. மீன் அவர்கள் கணக்கில் வரவில்லை.

இரண்டாவது வாதத்தில் உண்மை இருந்தது என்றே இதை எழுதுபவன் கருதுகிறேன். டே மீனின் பக்கமிருந்து பார்த்த அளவுக்குப் பறி வைத்தவனின் அடுப்பங்கரையிலிருந்து பார்க்கவில்லை. கூலி நெல்லோடு அந்த ஒரு கை குஞ்சுதான் பல வீடுகளில் குழம்பு. அந்த வீட்டுக்கு வேறு எது கிடைக்கும் என்பதற்கு அவரிடம் தெளிவான பதில் இல்லை. அறிக்கை வந்த மூன்றாம் ஆண்டில் தாது வருசப் பஞ்சம் வந்தது. ஆற்றில் இறங்கி எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்று பேசும் நேரமாக அது இல்லை. ஆனாலும், இன்று ஒரு கை குஞ்சு போனால் நாளை அதே வீட்டுக்கு ஒரு கூடை மீன் போகிறது என்ற அவர் கணக்கை யாராலும் தப்பு என்று காட்ட முடியவில்லை.

வீட்டிலும் நல்ல காலமாக அது இல்லை. முதல் மனைவி 1869-இல் இறந்தார். மறுபடி மணந்த மனைவியையும் சீக்கிரமே இழந்தார். 1877-இல் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குப் போய்ச் செல்ட்டன்ஹாமில் தங்கினார்.

கையோடு கொண்டுபோன வேலை அவரைத் தாங்கியது. இந்திய மீன்கள் என்ற பெருநூலை 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். மீனுக்கு மீன் படம், அளவு, வாழுமிடம், ஊர்ப் பெயர் எல்லாம் உண்டு. தமிழ், தெலுங்கு, மலையாளப் பெயர்களை வலைக்காரர்களிடம் கேட்டே எழுதினார். 1,400-க்கும் மேற்பட்ட மீன் வகைகள் அவர் பணியில் இடம்பெற்றன. லண்டன் அருங்காட்சியகத்தின் மீன் அறிஞர் குந்தருக்கும் அவருக்கும் ஆகாது. ஒருவர் வைத்த பெயரை மற்றவர் மறுப்பது வழக்கமாயிற்று. அந்தக் கசப்பில், இங்கே ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு அலைந்து சேர்த்த மீன் சேகரிப்பின் பெரும் பகுதியை 1883-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டார்.

கடைசி ஆண்டுகளில் ஸ்காட்லாந்தில் ஒரு மீன்பண்ணையில் சால்மன், டிரௌட் முட்டைகளை வைத்து ஆராய்ந்தார். நீலகிரியில் கைநழுவிய வேலையின் தொடர்ச்சி என்று சொல்லலாம். 1889 ஜூலை 10 அன்று காலமானார்.

அவருக்குப் பின்

இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல் வந்தது. அவர் இறந்து எட்டு ஆண்டு கழித்து. நஞ்சும் வெடியும் வைத்து மீன் பிடிப்பதை அது தடுத்தது. நிலைப் பறி, வலைக் கண்ணி, குறுக்குத் தடுப்பு ஆகியவற்றுக்கு விதி செய்யும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்தது. டே கேட்டவற்றில் பாதி அதில் இருந்தது.

அணையின் மீன்வழி வேறு கதை. சென்னை மாகாணத்தில் சர் பிரடெரிக் நிக்கல்சன் மீன்வளத் துறையைத் தொடங்கிய பிறகு, கொள்ளிடத்துக் கீழணையில் உல்லத்துக்காக மீன் ஏணி அமைத்தார்கள். ஐரோப்பாவில் சால்மன் மீனுக்குச் செய்யும் படிக்கட்டு மாதிரி அது. சால்மன் துள்ளி ஏறும். உல்லம் துள்ளுகிற மீன் அல்ல. ஏணி பயன்படவில்லை. அணையடியில் தாய் மீனைப் பிடித்து முட்டையைப் பீய்ச்சி எடுத்து அங்கேயே பொரிக்கவைத்து ஆற்றில் விடும் வேலையும் நடந்தது. உல்லத்தை அது பழைய நிலைக்குக் கொண்டுவரவில்லை.

1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. டே காலத்துக் கீழணை, வெள்ளம் மிகுந்தால் தலைக்கு மேல் வழியவிடும் அணை. மேட்டூர் அப்படியல்ல. வெள்ளத்தையே பிடித்து வைத்து, வேண்டியபோது வேண்டிய அளவு விடும். பயிருக்கு அது வரம். ஆனால் ஆடி வெள்ளத்தைப் பார்த்து ஆறு ஏறிப் பழகிய மீனுக்கு அழைப்பு வரவில்லை. ஏறியவை இட்ட முட்டையைத் தூக்கிச் செல்ல ஓட்டமும் போதவில்லை. கொள்ளிடத்து உல்லம் வேகமாகக் குறைந்தது அதற்குப் பிறகுதான். 1940-களில் நம் மீன்வள ஆய்வாளர்கள் கோதாவரி, கிருஷ்ணா, காவிரி அணைகள் உல்லத்துக்குச் செய்ததை எழுதியபோது, டே எழுப்பிய கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

ஷட்டரை எப்படி இறக்குகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. அணைகளுக்குக் கீழே நடந்த ஆய்வுகள் பல நாடுகளில் ஒரே முடிவைக் காட்டுகின்றன. தண்ணீரை ஒரேயடியாக நிறுத்தினால் குஞ்சுகள் கரையோரப் பள்ளங்களில் மாட்டிக்கொள்கின்றன. படிப்படியாகக் குறைத்தால் ஆழமான இடத்துக்கு ஒதுங்கிவிடுகின்றன. பெரிய மீன் இறங்கும் மட்டத்தைப் பார்த்து நகரும். ஓரத்து ஆழமற்ற நீரில் ஒண்டியிருக்கும் குஞ்சால் அது முடியாது. முறைப்பாசனம் நடக்கும் வாய்க்காலில் நீர்க்கட்டியும் லஸ்கரும் இதை ஒரு பருவம் கவனித்துப் பார்க்கலாம். ஷட்டரை அரை நாளில் இறக்குவதற்குப் பதில் இரண்டு நாளில் இறக்க முடிந்த இடங்களில், மறுநாள் பள்ளத்தில் எத்தனை கொக்கு நிற்கிறது என்று எண்ணினாலே தெரிந்துவிடும். மடையடியில் ஒரு பள்ளத்தை ஆழமாக விட்டுவைப்பதும் செலவில்லாத வேலை. அடுத்த முறைத் தண்ணீர் வரும்வரை விராலும் கெளுத்தியும் அதில் தாக்குப்பிடிக்கும். கெண்டைக் குஞ்சு அவ்வளவு கெட்டி இல்லை. அதற்கு ஓட்டமோ பெரிய நீரோ வேண்டும்.

மீன் வளர்ப்போர் இன்னொன்றையும் அறிந்திருப்பார்கள். 1957 வரை நாட்டின் குளங்களில் விடுவதற்கான கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு பெரும்பாலும் ஆற்றிலிருந்தே வந்தது. வடக்கே கங்கைக் கரையில் வெள்ளத்தில் மிதந்து வரும் குஞ்சுகளைப் புனல் போன்ற வலை கட்டி வடித்தெடுத்து, பானைகளில் ரயிலேற்றி அனுப்புவார்கள். ஒரிசாவில் ஹீராலால் சௌத்ரி ஊசி போட்டுக் கெண்டையை முட்டையிடவைத்த பிறகுதான் பொரிப்பகங்கள் வந்தன, ஆற்றை நம்பியிருப்பது குறைந்தது. அந்த நாளைத்தான் ஆண்டுதோறும் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். அது ஜூலை 10. டே இறந்த அதே தேதி.

அவர் சேர்த்த மீன்கள் சிட்னியில் இன்னும் இருக்கின்றன. சென்னை, மலபார், நீலகிரி அடிவாரம் என்று நம் ஊர்ப் பெயர் எழுதிய சீட்டுகளோடு, சாராயப் புட்டிகளில்.